பதினோராம் குழி

அக்டோபர் கடைசியில் என் அண்ணன் தைஸ்தோ
ஏரிக் குடிலின் விறகுக் கொட்டகையைப் பெருக்கினான்.
மூக்கில் துணி கட்டவில்லை.
கோடையில் அடுக்கிய பிர்ச் கட்டைகளின் சந்தில்
செம்முதுகுக் காட்டெலிகள் குடியிருந்து போயிருந்தன.
அவை பெய்து காய்ந்தது
தூசியாய் எழுந்து மூச்சோடு போனது.
அவ்வளவுதான்.
அந்த வைரஸால் எலிக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல்.
கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்றான்.
தூரத்து எழுத்து மங்கியது.
பிறகு முதுகு, விலாவுக்குக் கீழே, இரண்டு பக்கமும்.
குவோபியோ மருத்துவமனையில்
கோடு போட்ட பிளாஸ்டிக் குடுவை கொடுத்தார்கள்.
நாள் முழுக்க இருநூறு மில்லி.
மேலே பீருக்கு நிற்பதுபோல் நுரை.
புரதம், என்றார் மருத்துவர், வடிகட்டி ஒழுகுகிறது.
"நானென்ன காபி வடிதாளா?"
கேட்டுவிட்டுச் சிரிக்கப் போய் வாந்தி எடுத்தான்.

அங்கிருந்து நான்காவது பேருந்து நிறுத்தம் என் ஆய்வகம்.
அதே வைரஸ், அதே வடிகட்டி.
யாரிடமும் சொல்ல வெட்கமாயிருந்தது,
தன் வீடு பற்றிக்கொண்ட தீயணைப்புக்காரன்போல.

உள்ளங்கை அகலத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் சிறுநீரகச் செல்கள்,
தோளோடு தோள் ஒட்டி ஒரே படலமாய்.
வைரஸ் புகுந்ததும் அவை செத்துவிடுவதில்லை.
ஒன்றை ஒன்று கைவிடுகின்றன.
அந்த இடைவெளியில் ஒழுகுகிறது எல்லாம்.
அவுரிநெல்லித் தோலின் நீலம்,
வெங்காயச் சருகின் மஞ்சள்,
பிர்ச் பட்டையின் வெள்ளையில் இறக்கிய பொடி,
எதுவானாலும் ஒரு துளிக்குள் ஒரு துளியின் நிழல்.
மூன்றாம் நாள் விளக்கின் கீழ் பார்த்தேன்.
நான்காம் வரிசை, பதினோராம் குழி,
பிர்ச்.
பச்சையாய் ஒளிர்ந்த எல்லைக்கோடு
குழந்தை கிறுக்கிய தேன்கூடுபோல் கோணல்மாணலாய்,
ஆனால் எங்கும் அறுபடாமல்.

அன்று மாலை பார்வை நேரம்.
சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.
"எந்தக் கட்டையின் தூசியோ அந்தக் கட்டையா?"
அந்த மரம்தான்.
"அப்போ பட்டையைக் கடிக்கவா?"
வேண்டாம். குழிக்கு வயிறில்லை, கல்லீரல் இல்லை.
அந்த அளவு உன் ரத்தத்தில் நிற்குமா,
நின்றால் வேறெதைக் கெடுக்கும், தெரியாது.
"தெரியாதென்று சொல்வதற்கா சம்பளம்?"
ஆமாம்.

பக்கத்துக் குடில் லெம்பி
பிளாஸ்க் நிறைய பிர்ச் இலைக் கஷாயம் கொண்டுவந்தாள்.
"நன்றாய்ப் பிரியும்," என்றாள்.
நீரை அளந்து கொடுக்கும் வார்டு அது.
செவிலி வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் திறந்துகொண்டது.
நான்கு லிட்டர். மறுநாள் ஆறு.
குடுவை போதாமல் இன்னொரு குடுவை,
நுரை இல்லை.
யாரும் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை,
பெரும்பாலும் இப்படித்தான் தானே விலகும் இந்தக் காய்ச்சல்.
மூடி திறக்காத பிளாஸ்க் அங்கேயே நின்றது.
ஒரு மிடறு குடித்திருந்தால்
ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பாள் லெம்பி,
நானும் கொஞ்சம் நம்பியிருப்பேன்.
அதை நினைத்துத்தான் எனக்கு வேர்த்தது.

டிசம்பரில் மறுபடி செய்தேன்.
பதினோராம் குழி நின்றது.
மூன்றாம் முறை பாதி அறுந்திருந்தது.
வேறு மரத்துப் பட்டையாயிருக்கும், என்கிறார் ஆர்மாஸ்.
இருக்கலாம். என் கைப்பிழையாகவும் இருக்கலாம்.
இரண்டையும் குறித்தேன், பென்சிலால் அல்ல.

தைஸ்தோ இப்போது முகக்கவசம் போட்டு
தரையை நனைத்துவிட்டுப் பெருக்குகிறான்.
ஒரு பை நிறையப் பட்டை உரித்து அனுப்பியிருக்கிறான்,
மேலே கொட்டை எழுத்தில்: குற்றவாளி வீட்டிலிருந்து.
கையுறை மாட்டிக்கொண்டு திறந்தேன்.
வெள்ளைச் சுருளின் மடிப்பில்
சீரகம் அளவுக்குக் கருப்பாய் ஒன்று.